குளம் சரி, ஆள் தவறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ எடுக்கப்போகும் படத்துக்கென்று அனுப்பிய கதைச் சுருக்கத்தை இரண்டு தடவை படித்தேன். சின்ன ஊர், குறி சொல்லும் பெண், காணாமல் போன ஒருத்தி. களம் நன்றாக இருக்கிறது. ஆனால் கொலைகாரனின் முகம் பத்தாவது பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஊர் அவளை நம்புமா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு தொண்ணூறு பக்கம் ஓட்டப் பார்க்கிறாய். ஓடாது கண்ணு. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு ‘தி கிஃப்ட்’ படத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். முடிவையும் உடைத்தே பேசவேண்டியிருக்கிறது, அதனால் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு மேலே படி.

சாம் ரைமி இயக்கி 2000 டிசம்பரில் வெளியான படம். எழுதியவர்கள் பில்லி பாப் தார்ன்டன், டாம் எப்பர்சன். ஆர்கன்சாவில் தார்ன்டனின் அம்மாவே குறி பார்த்தவர். அவரை மனதில் வைத்து எழுதியதால்தான் கதாநாயகி ஆனி வில்சனிடம் மந்திரக்காரி வேஷம் எதுவும் ஒட்டவில்லை. கணவனை இழந்தவள், மூன்று பையன்கள், ஒரு மேசை, ஒரு சீட்டுக்கட்டு, வருகிறவர்கள் கொடுக்கும் காசு. ஆனியாக நடித்த கேட் பிளாஞ்செட் அந்தக் களைப்பைத் தோளிலேயே வைத்திருப்பார், கவனி.

இப்போது ஆனிக்கு என்ன தெரிகிறது, எப்போது தெரிகிறது என்று வரிசையாகப் பார். பள்ளித் தலைமையாசிரியர் வெய்னின் அறையில் அவர் கட்டிக்கொள்ளப் போகிற ஜெசிகாவைச் சந்திக்கும்போது, அவள் கால்கள் ஈரமும் சேறுமாகத் தெரிகின்றன. அவ்வளவுதான். ஜெசிகா காணாமல் போய், ஷெரீஃப்பும் அவள் அப்பாவும் வந்து கேட்கும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், உருப்படியாக எதுவும் தோன்றுவதில்லை. பிறகு ஒரு குளம் தெரிகிறது. அது டோனியின் நிலத்தில் இருக்கும் குளம். தேடுகிறார்கள், உடல் கிடைக்கிறது. டோனி மனைவியை அடிப்பவன், ஆனியையும் பிள்ளைகளையும் மிரட்டியவன். ஊரோடு சேர்ந்து நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் கொன்றது வெய்ன்.

அவள் கண்டதில் பொய்யே கிடையாது. கண்டதற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் முழுப் படமும் நடக்கிறது. குளம் சரி, ஆள் தவறு. அவள் சொன்ன உண்மையே ஒரு தப்பான ஆளைச் சிறைக்கு அனுப்புகிறது, அதைத் திருத்தும் பாரமும் அவள் தலையில்தான் விழுகிறது. உன் கதையில் முகத்தை எடுத்துவிட்டு ஓர் இடத்தை வை, இல்லாவிட்டால் ஒரு பொருளை வை.

இதற்கு ஒரு வேலை செய். ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரி: காட்சி எண், அவள் கண்டது, அதன் உண்மைப் பொருள், அந்த நேரத்தில் பார்ப்பவர் நினைப்பது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக இருக்கும் வரி வந்தால் அந்தத் தரிசனம் தேவையில்லை, அடித்துவிடு. இருபது நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் சிக்கல் வரும்போதெல்லாம் ஒரு தரிசனம் வந்து காப்பாற்றும் என்று பார்ப்பவர் பழகிவிடுவார், பயம் போய்விடும்.

அடுத்து, குறி சொல்லும் முதல் காட்சி. ‘உங்களுக்குள் ஒரு வலி இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்வதில்லை’ என்று எழுதியிருக்கிறாய். இது யாருக்குத்தான் பொருந்தாது? 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தை, அவரவருக்கென்று தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. வரிகளை அவர் எடுத்தது ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து. ஏமாற்றுகிறவள் கேட்பவருக்குப் பிடித்ததைப் பொதுவாகச் சொல்வாள். உன் பெண் அவருக்குப் பிடிக்காததைத் துல்லியமாகச் சொல்லட்டும். டோனியின் மனைவியிடம் ஆனி அவனை விட்டுப் போ என்றுதான் சொல்கிறாள். அதனாலேயே வினை வருகிறது.

ஆனி கையில் இருப்பவை ஜீனர் சீட்டுகள். 1930களில் டியூக் பல்கலைக்கழகத்தில் கண்ணால் பார்க்காததை மனத்தால் அறியமுடியுமா என்று சோதித்த ஜே.பி. ரைனின் ஆய்வுக்காகக் கார்ல் ஜீனர் வடிவமைத்தவை. வட்டம், கூட்டல் குறி, மூன்று அலைக்கோடு, சதுரம், ஐமுனை நட்சத்திரம், ஒவ்வொன்றிலும் 5, மொத்தம் 25. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். 10 வருவதுகூட நூறு முறை முழுக்கட்டையும் ஓட்டினால் ஒன்றிரண்டு தடவை நடக்கக்கூடியதுதான். அதனால் ‘25க்கு 25’ என்று எழுதாதே, பொய்யாகத் தெரியும். நீயே அச்சடிப்பதானால் மெல்லிய அட்டை வேண்டாம். பழைய கட்டுகள் சிலவற்றில் பின்புறத்திலிருந்தே குறி தெரிந்தது என்பதுதான் ரைனின் ஆய்வுமீது வந்த முக்கியமான குறைகளில் ஒன்று. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் உன் கேமராவும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தரிசனத்தைப் படமாக்கும்போது புகையும் நீலநிறமும் வேண்டாம். சாதாரண அறையில், சாதாரண வெளிச்சத்தில், ஒரே ஒரு பொருள் மட்டும் பொருந்தாமல் இருக்கட்டும், அந்தச் சேற்றுக்கால் மாதிரி. படம் மாறுவதற்கு அரை வினாடி, அதாவது 12 ஃப்ரேம் முன்னாலேயே பின்னணிச் சத்தத்தை வெட்டிவிடு. காது முதலில் விழித்துக்கொள்ளும். இதற்கு ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்.

தண்ணீர்க் காட்சியில் எனக்குக் கவலை அதிகம். பிணத்தைக் கட்டியிருக்கும் சங்கிலிக்காக நடிகை மேல் நிஜ இரும்பைச் சுற்றவே சுற்றாதே, ரப்பரில் செய்து வண்ணம் பூசு. முகம் தெரியாத ஷாட் எல்லாம் டம்மியை வைத்து முடி. முகம் தெரியும் ஷாட்டைக் குளத்தில் வைக்காமல் நீச்சல் தொட்டியில் கறுப்புத் துணி விரித்து எடு, கைக்கெட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர் இருக்கவேண்டும். இரவில் குளத்துக்கு முன்னாலிருந்து விளக்கு அடித்தால் தண்ணீர் அழுக்காகத் தெரியும். எதிர்க்கரையில் மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய விளக்கை வை, அப்போதுதான் நீரின் மேற்பரப்பு மின்னும்.

படத்தில் எனக்குக் குறையாகப் படுவது கடைசிப் பகுதி. கொன்றது டோனி இல்லை என்று ஆனதும் மிஞ்சுகிற ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான். ராத்திரியில் அவளோடு குளத்துக்கு வருகிறேன் என்று வெய்ன் கிளம்பும்போதே விஷயம் தெரிந்துவிடுகிறது. உன் ஆள் அங்கே வருவதற்கு வேறொரு காரணத்தை முப்பது பக்கம் முன்னாலேயே போட்டுவிடு.

ஆனால் பட்டி இருக்கிறானே, மனம் சிதைந்த அந்த மெக்கானிக், அவனை எழுதிய விதத்தை மட்டும் நூறு தடவை படிக்கலாம். அவன் உதவிக்குத் தவித்தபோது ஆனியால் காது கொடுக்க முடியவில்லை. அவன் தன் அப்பாவுக்குத் தீ வைக்கிறான். கடைசியில் குளக்கரையில் அவளைக் காப்பாற்றுவதும் அவன்தான். காவல் நிலையத்துக்கு வந்தபின் தெரிகிறது, அவன் அதற்கு முன்பே தூக்கு மாட்டிக்கொண்டு இறந்துவிட்டான் என்று. ஆவி வந்தது என்ற அதிர்ச்சியைவிட, அவள் கொடுக்கத் தவறியதை அவன் வந்து கொடுத்தான் என்பது நெஞ்சை அடைக்கிறது. ஜியோவனி ரிபிசி நடித்தது.

படம் எடுத்தது ஜார்ஜியாவின் சவான்னா பக்கம். நீ இருக்கும் அட்லாண்டாவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். ஓக் மரங்களில் நரைத்த சடைபோலத் தொங்குவதைப் பாசி என்கிறார்கள், உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. தரையில் விழுந்து கிடப்பதை அள்ளி அலங்காரத்துக்கு வைக்காதே, கடிக்கும் பூச்சி இருக்கும். கோடையில் பொழுது சாயும் நேரத்தில் சிள்வண்டுச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும், பேச்சுக் காட்சிகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்.

நான்கு பத்தித் தாளை எழுதியதும் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை வரி அடிபட்டது என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா