என்ன மழை என்று சொல்லுங்கள்

உள்ளூர் வானிலை அறிவிப்பைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் கட்டட மேஸ்திரி. போன வாரம் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டோம். முந்தைய நாள் மாலை உங்கள் அறிவிப்பை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்." பக்கத்தில் ஒரு மேகப் படம், 40 சதவீதம் என்று ஒரு எண். சரி, தூறல்தானே, தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று ஆட்களை வரச் சொல்லிவிட்டேன்.

காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. 11 மணிக்குப் பஞ்சுப் பொதி மாதிரி மேகங்கள் வந்தன, மதியத்துக்குள் அவை குமிழ்ந்து குமிழ்ந்து கோபுரம் போல மேலே வளர்ந்தன, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் மனதில் உங்கள் "லேசான மழை"தான் இருந்தது. 3 மணிவாக்கில் கடைசிக் கலவையைக் கொட்டி மட்டம் பார்க்கும்போது மேகத்தின் உச்சி தட்டையாக விரிந்து வெயிலை மறைத்தது, திடீரென்று குளிர்ந்த காற்று, அடுத்த சில நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிட்டது. மொத்தம் 20 நிமிடம். தார்ப்பாயை 4 பேர் பிடித்தும் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. சிமெண்ட் பால் முழுக்கச் சென்ட்ரிங் இடுக்கு வழியாக ஒழுகிப் போய், மேலே ஜல்லி பல்லிளித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை. "தூறல்தான்னு சொன்னீங்களே மேஸ்திரி" என்று மட்டும் கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் உங்கள் அறிக்கையில் 12 மில்லிமீட்டர் என்று இருந்தது. நாள் முழுவதற்குமான கணக்கில் அது லேசான மழைதான். உங்கள் வகைப்பாட்டில் தவறில்லை, ஆனால் என் தளம் போய்விட்டது. அந்த 12 மில்லிமீட்டர் என்பது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 12 லிட்டர் தண்ணீர். அது 20 நிமிடத்தில் விழுந்தால் மணிக்கு 36 மில்லிமீட்டர் வேகம். அந்த வேகத்தில் கொட்டினால் அது பலத்த மழைதான். அதே 12 மில்லிமீட்டர், வானம் முழுக்கப் போர்த்திக் கிடக்கும் கார்படை மேகத்திலிருந்து 6 மணி நேரம் நசநசவென்று பெய்திருந்தால் நாங்கள் மூடிப் பாதுகாத்திருப்போம், அல்லது அன்றைக்கு வேலையே வைத்திருக்க மாட்டோம். தூறல் துளி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். இடிமேகத்தின் 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டர் வேகத்தில் வந்து அறையும். பச்சைக் கான்கிரீட்டுக்கு இந்த இரண்டும் ஒன்றா?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். என்ன மழை என்று சொல்லுங்கள். தூறலா, விட்டுவிட்டு வரும் சாரலா, நாள் முழுக்கப் பிடிக்கும் அடைமழையா, பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டுப் போகும் மழையா? நம் மொழியில் ஒவ்வொன்றுக்கும் சொல் இருக்கிறது. எல்லாவற்றையும் "லேசானது முதல் மிதமானது வரை" என்ற ஒரே வரிக்குள் ஏன் அடைக்கிறீர்கள்?

இடிமேகம் சரியாக எந்தத் தெருவுக்கு மேல் எழும் என்று முந்தைய நாளே யாராலும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நாளை இடிமேகமான கார்திரள் மேகம் உருவாகும் நாளா, படைமேகம் போர்த்திக் கிடக்கும் நாளா என்பது உங்கள் கையில் இருக்கும் தகவல்தானே. அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்வோம்.

அந்த 40 சதவீதமும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் ஒருவர் அதை நாளில் 40 சதவீத நேரம் என்கிறார், இன்னொருவர் ஊரில் 40 சதவீத இடம் என்கிறார், மழையின் பலம் என்றுகூட ஒருவர் நினைத்திருந்தார். ஓர் இடத்தில் அறிவிப்பு சொல்லும் நேரத்துக்குள் அளக்கக்கூடிய மழை விழுவதற்கான வாய்ப்பு, அவ்வளவுதான், எவ்வளவு பெய்யும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று கீழே ஒரு வரி போட எவ்வளவு இடம் தேவைப்படும்?

பள்ளிக்கூடத்தில் கீற்று, திரள், படை, கார் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 1802-ல் மேகங்களுக்கு முறையாகப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர், வானத்தை வெறுங்கண்ணால் பார்த்துத்தான் வகை பிரித்தார். இன்று மேகங்கள் 10 வகை என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. தேர்வு எழுதி முடித்த பிறகு அந்தப் பெயர்களை அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் எங்குமே கேட்பதில்லை, தினமும் வானத்தைப் பற்றிப் பேசுகிற நீங்களே சொல்வதில்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்? புயல் வரும்போது மட்டும் மணிக்கொரு படம், விளக்கம், வட்டம், அம்புக்குறி எல்லாம் வருகிறது. எங்கள் பிழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பெயரில்லாத 20 நிமிட மழைதான்.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை எளிதென்று நான் நினைக்கவில்லை. மழையின் வகை, வரக்கூடிய நேரம், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டலாம் என்ற மூன்றையும் தினசரி அறிவிப்பில் சேருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வீட்டின் தளத்தை என் செலவில் சரிசெய்துகொண்டிருக்கிறேன். இன்னும் 10 நாளில் வேறொரு வீட்டுக்குத் தளம் போட வேண்டும். அதற்கு முந்தைய நாள் மாலையும் உங்கள் அறிவிப்பைத்தான் பார்ப்பேன். தயவுசெய்து அதில் என்ன மழை என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி