உச்சி வெயில் ஒரு மணிக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் 1942இல் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15, இங்கே முழுமைத் தற்காப்பு தினம். அதை ஒட்டி அந்தப் போரை நடித்துக்காட்டி நினைவுகூரும்போது, அக்காலத்துச் சீருடையும் தலைப்பாகையும் எஃகுத் தொப்பியும் பார்த்துப் பார்த்து அணிந்து வருபவர்களைப் பலரும் படமெடுக்கிறார்கள். வரும் படங்களில் பித்தளைப் பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. கண் மட்டும் தெரிவதில்லை. இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுத்த நேரமும் ஆளை நிறுத்திய இடமும்தான் காரணம்.

நடுப்பகலில் முகப்படம் எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காக 12 மணிக்குச் சாப்பிடப் போய்விட்டு 1 மணிக்குத் திரும்பி வந்து எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே அப்போதுதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியதிலிருந்து உச்சிவேளை 1 மணியை ஒட்டி வருகிறது, பிப்ரவரியில் 1.20ஐ நெருங்கிவிடும். (ஜப்பானியர் ஆட்சியில் இங்கும் தோக்கியோ நேரம்தான். அந்தக் கணக்கில் உச்சிவேளை 2 மணிக்கு மேல்!) பிரிட்டிஷ் படையினரின் எஃகுத் தொப்பிக்குத் தட்டையான, அகன்ற விளிம்பு. வெயில் தலைக்கு மேல் இருந்தால் அதன் நிழல் மூக்குவரை இறங்கும். காலை 9.30க்குள், அல்லது மாலை 5.30க்குப் பின் எடுத்தால் வெளிச்சம் சாய்ந்து விளிம்புக்கு அடியில் நுழையும். ஏற்பாட்டாளர்கள் நிகழ்ச்சி நிரலிலேயே மாலையில் 20 நிமிடம் படமெடுக்க ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மதியம்தான் வாய்க்கிறது என்றால் நிழலின் ஓரத்தைத் தேடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியோ கோட்டை வாசல் வளைவோ, எதுவானாலும் ஆளை நிழலுக்குள் ஓரடி மட்டும் தள்ளி, முகம் வெளிச்சத்தைப் பார்க்க நிறுத்துங்கள். எதிரே வெயில் படும் சிமெண்டுத் தரை இருந்தால் இன்னும் நல்லது: அதில் பட்ட ஒளி கீழிருந்து எழும்பிக் கண்குழியை நிரப்பும், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளி இல்லாத முகம் படத்தில் உயிரற்றுப் போகும். எதிரே புல்தரையாக இருந்தால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். இலைகளூடே வரும் ஒளியும் அப்படித்தான். தோல் பாசி படிந்ததுபோல் ஆகிவிடும். வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல், அதே நிழலில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்; பின்னால் நிறத்தைத் திருத்த வசதியாக, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவும் எடுத்து வையுங்கள். இலையிடுக்கில் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் பட்டால் மட்டும் எந்த மென்பொருளாலும் சரிசெய்வது கடினம்.

நம்மவர் முகங்களில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை வேட்டி, மாநிறமோ கறுப்போ ஆன முகம். வெண்மையைப் பார்த்த கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். படத்தின் ஒரு சிறு இடத்தில் மட்டும் வெளிச்சத்தை அளக்கும் புள்ளி அளவீட்டுக்கு மாற்றி கன்னத்தில் அளந்து எடுங்கள். தலைப்பாகையின் மடிப்புகள் வெளுத்துக் கரைந்தால் கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷரை) மூன்றில் ஒரு படி குறையுங்கள். போர்க்கால வேடம் மட்டுமல்ல, 1819இல் ஆங்கிலேயருடன் இங்கு வந்திறங்கிய இந்தியச் சிப்பாய் வேடத்தின் சிவப்புச் சட்டைக்கும் இதே கவனம் வேண்டும். சிவப்பு நிறம் மட்டும் அளவுக்கு மீறிப் பதிவாகி, தையலும் மடிப்பும் மறைந்து ஒரே சாயமாகிவிடும்.

பின்னணி மங்க வேண்டும் என்று பலர் 85 மில்லிமீட்டர் லென்சை எஃப் 1.4இல் அகலத் திறந்துவிடுகிறார்கள் (எஃப் எண் குறையக் குறைய லென்சின் துளை பெரிதாகும்). முழுச்சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்பவரிடம் அது தெளிவாகக் காட்டும் ஆழம் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் தொப்பிச் சின்னம் மங்கும். வரலாற்று உடையில் சின்னமும் வார்ப்பூட்டும் தெரியாவிட்டால் வேடம் எதற்கு? எஃப் 4 வையுங்கள், அருகிலுள்ள கண்ணில் குவியுங்கள். பின்னால் தெரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தையும் கூடாரத்தையும் மறைக்க, லென்சைத் திறப்பதைவிட நீங்கள் இரண்டடி நகர்வதே நல்லது. படமெடுக்கும் முன் மணிக்கட்டில் திறன்கடிகாரம், கழுத்தில் அடையாள அட்டை, காலடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

1942 பிப்ரவரி 14 அன்று புக்கிட் சண்டுவில் பஞ்சாபிப் படையினர்போல வேடமிட்டு வந்த ஜப்பானியரை மலாய்ப் படையினர் அடையாளம் கண்டது, அவர்கள் பிரிட்டிஷ் படை வழக்கப்படி மூவர் மூவராக வராமல் நால்வர் நால்வராக அணிவகுத்ததால் என்பார்கள். வேடத்தை அவ்வளவு கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இன்றும் பார்வையாளர் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து இறங்கியதும் கேமராப் பையைத் திறக்காதீர்கள். லென்சில் நீர் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். 20, 30 நிமிடம் மூடியே வைத்தால் போதும்.

கம்பளிச் சீருடையில் நிற்பவரை வெயிலில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்துவது நியாயமில்லை. முன்கூட்டியே வெளிச்சத்தை அளந்து வைத்துக்கொண்டு பிறகு கூப்பிடுங்கள். "சிரிங்க" என்பதைவிட, தலைப்பாகையைக் கட்டச் சொல்லுங்கள். கைக்கு வேலை வந்ததும் முகம் இறுக்கம் தளரும். சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பகிர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு கைப்பேசி தாண்டினால் அது 1942இல் எடுத்த படமாகிவிடுகிறது. நாளிதழில் வெளியிடும்போது படத்துக்குக் கீழே "நடிப்பு நிகழ்ச்சி" என்ற சொல்லும் எடுத்த ஆண்டும் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்