கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு இணையக் கடையையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும் ஒரு மாற்றம். இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசி விற்கும் பிரிவிலிருந்து, நஷ்டத்துக்குப் பணம் கேட்டு வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் கிளெய்ம் பிரிவுக்கு வந்துவிட்டேன். பணம் கிடைக்காமல் போனவர்களின் கோப்புகளைத் தினமும் படிப்பதால், கடைக்கு எந்த பாலிசி எடுக்கலாம் என்று நீ கேட்டதும் பிரீமியத்தைவிட அதன் விதிவிலக்குகள்தான், அதாவது எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்பதுதான், மனதில் வருகிறது.

நீ விற்ற பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டு அவர் வழக்குப் போடுவது வேறு, உன் கடையே முடங்கி வியாபாரம் நிற்பது வேறு. ஒன்றுக்கு எடுத்த பாலிசி மற்றதற்குத் தானாக வராது. வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வீட்டில் அடுக்கியிருக்கும் விற்பனைச் சரக்கை அது பெரும்பாலும் ஏற்காது, ஏற்றாலும் சிறு தொகைதான்.

கடை முடங்குவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தரும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. அது யாரும் நடத்திய தாக்குதல் அல்ல. தாக்குதலால் வரும் முடக்கத்தை மட்டும் ஏற்கும் பாலிசி அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்காது. தொழில்நுட்பக் கோளாறும், நீ நம்பியிருக்கும் வேறொரு நிறுவனத்தில் நேரும் கோளாறும் உன் பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்புறம் காத்திருப்பு நேரம். முடங்கி 8 அல்லது 12 மணி நேரம் கழிந்த பிறகுதான் நஷ்டக் கணக்கே தொடங்கும் என்று பல பாலிசிகளில் இருக்கும். ஒருநாள் தள்ளுபடி விற்பனையை நம்பியிருக்கும் உனக்கு, மொத்த நஷ்டமும் அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம்.

சரக்கு தருபவர் பெயரில் போலி மின்னஞ்சல் வந்து, புதிய வங்கிக் கணக்குக்கு நீயே பணம் அனுப்பிவிட்டால், அது ஹேக்கிங் கணக்கில் சேராமல் போகலாம். அதற்குப் பாலிசியில் தனிப் பிரிவு உண்டு, அதில் கிடைக்கும் தொகையின் வரம்பும் குறைவாகவே இருக்கும்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்துவிடாதே. இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) இருப்பதாகச் சொன்னது உண்மையில்லை என்று 2022இல் அமெரிக்காவில் டிராவலர்ஸ் இன்சூரன்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தது. அந்த பாலிசியே ரத்தானது.

காசு வந்தாலும் தரவு திரும்பாது என்பதும் உண்டு. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில், மற்றவர்களின் இணையதளங்களையும் தரவுகளையும் தன் சர்வர்களில் வைத்திருக்கும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். உன் ஆர்டர் விவரங்களின் நகல் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்.

பாலிசியின் முழு வாசகத்தையும் விண்ணப்பத்தையும் எனக்கு அனுப்பு. சுருக்கத் தாள் மட்டும் போதாது. வரிவரியாகப் படித்து, முகவரிடம் எதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்