‘பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்’ என்ற ஒற்றை வரி குறித்து: மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துகளுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும், விளக்கத் தாள்களை எழுதி அவர்களுக்கு அனுப்பிவைப்போருக்கும் வணக்கம்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் விளக்கத் தாளில் பெரியவர்களுக்கான அளவு விரிவாக எழுதப்பட்டிருக்க, குழந்தைகளுக்கோ பல நேரங்களில் ‘பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்: உடல் எடைக்கேற்ப’ என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. பிறந்து மூன்றே நாளான சிசு, நடை பழகும் குழந்தை, பள்ளிச் சிறுமி ஆகிய மூவரும் அந்த வரிக்குள் ஒன்றாக அடைக்கப்படுகிறார்கள். எடை மட்டுமே கூடுகிறது, மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலின் திறன் முதல் நாளிலிருந்தே ஒரே சீராக இருக்கிறது என்ற தவறான அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளான சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்த 3ஏ7 என்ற நொதியே மேலோங்கி நிற்கிறது. பிறந்த பின் அது படிப்படியாகத் தணிய, வளர்ந்தவர்களிடம் ஏராளமான மருந்துகளைக் கையாளும் 3ஏ4 நொதி முதல் ஆண்டின் ஊடாக மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வருகிறது. அதே குடும்பத்தின் 2டி6, 2இ1 ஆகியவை பிறந்த சில நாள்களுக்குள்ளேயே செயல்படத் தொடங்கிவிடுகின்றன. 1ஏ2 நொதியோ முதல் மூன்று மாதங்களில்தான் தலைகாட்டுகிறது. எனவே ஒரே குழந்தையின் உடலில் ஒரே நாளில் ஒரு மருந்து ஓரளவு விரைவாக வெளியேற, வேறொரு மருந்து நாள்கணக்கில் தேங்கி நிற்கக்கூடும். இந்த வேறுபாட்டை எடை பார்க்கும் தராசு காட்டாது.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நின்று நின்று வருவதைத் தடுக்கக் கொடுக்கப்படும் காஃபினை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் போதும். குறைமாதச் சிசுவுக்கோ மூன்று, நான்கு நாள்கள் பிடிக்கும். 1ஏ2 இன்னும் விழித்தெழாததால் காஃபினின் பெரும்பகுதி மாற்றம் ஏதுமின்றிச் சிறுநீரில் வெளியேற வேண்டியிருப்பதே காரணம். அதே சிசுவுக்கு மூச்சுக்குழலைத் தளர்த்தும் தியோபிலின் என்ற மருந்தைக் கொடுத்தால், அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் காஃபினாகவே மாற்றி, மாற்றியதை வெளியேற்ற வழியின்றித் தேக்கி வைத்துக்கொள்கிறது. இத்தகைய மருந்துகளில் ஒரு வேளைக்கான அளவைக் குறைப்பதைவிட, அடுத்த வேளையைத் தள்ளிப்போடுவதே முக்கியம். ஆனால் பல விளக்கத் தாள்களில் வேளைகளுக்கு இடையிலான நேரம் வயதுக்கேற்ப மாறுவதே இல்லை.

மருந்தோடு வேறொரு மூலக்கூறை இணைத்து நீரில் கரையச் செய்யும் வேலையிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. சல்பேட்டை இணைக்கும் திறன் பிறக்கும்போதே ஓரளவு தேறியிருக்கிறது; குளுக்குரோனைடை இணைக்கும் திறன் பின்தங்கி வருகிறது. சிறு குழந்தைகள் பாரசிட்டமாலைப் பெரும்பாலும் சல்பேட்டாகவும், பெரியவர்கள் குளுக்குரோனைடாகவும் வெளியேற்றுவதற்கு இதுவே காரணம். பாரசிட்டமாலில் ஒரு வழியின் குறையை இன்னொரு வழி ஈடுசெய்கிறது. குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெரிய குழந்தைகளின் அளவை எடைக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் சரிந்து இறந்ததை 1959-இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரைகள் பதிவு செய்தன. ‘சாம்பல் குழந்தை நோய்த்தொகுப்பு’ என்று பாடநூல்கள் அழைக்கும் அந்தத் துயரத்தில், எடைக்கணக்கில் பிழை ஏதும் இருக்கவில்லை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

இவற்றைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் குறைத்தே கொடுப்போம்’ என்று முடிவு செய்தால் அதுவும் பிழையாகும். என் கவலையில் பெரும்பங்கு இதைப் பற்றியதுதான். ஏறக்குறைய ஒரு வயதுக்குப் பிறகு, கல்லீரலைச் சார்ந்து வெளியேறும் பல மருந்துகளை ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்ற கணக்கில் குழந்தை பெரியவரைவிட வேகமாக அகற்றுகிறது. உடலின் எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தையின் கல்லீரல் பெரியவருடையதைவிடப் பெரியது என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று. வலிப்புக்கான கார்பமசெபின், இழுப்புக்கான தியோபிலின் போன்றவற்றை மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவரின் கிலோக் கணக்கிலேயே கொடுத்தால், இரத்தத்தில் போதிய அளவு எட்டாமல் வலிப்போ இழுப்போ தொடரலாம். நஞ்சேறினால் எல்லோரும் பதறுகிறோம். மருந்து போதாமல் போனாலோ ‘நோய் அடங்கவில்லை’ என்று நோயின்மீதே பழியைப் போட்டுவிடுகிறோம்.

எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிடும் முறை, அதாவது எடை கூடும் அதே விகிதத்தில் அளவைக் கூட்டாமல் சற்றுக் குறைவாகக் கூட்டும் முறை, பெரிய குழந்தைகளில் இந்த வேறுபாட்டை ஓரளவு சரிசெய்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே அதுவும் தனித்து நிற்காது. நொதிகள் முதிரும் வேகத்தையும் அதனுடன் சேர்த்தாக வேண்டும்.

வயதுப் பிரிவுகளை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். மருந்து ஒழுங்குமுறைகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச், 2000-இல் வகுத்த இ11 வழிகாட்டுதலில் குறைமாதச் சிசு, 27 நாள்கள் வரையிலான நிறைமாதச் சிசு, 28 நாள்கள் முதல் 23 மாதங்கள் வரையிலான குழந்தை, 2 முதல் 11 வயது வரை, அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவம் என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறது. ஆய்வுகளைத் திட்டமிட உதவும் இந்தப் பிரிவுகள் விளக்கத் தாளின் அளவுப் பகுதிக்கு வந்து சேராமல் போவது ஏன்? அப்படியே வந்தாலும் 28 நாள்கள் முதல் 23 மாதங்கள் வரையிலான பிரிவை இன்னும் பிளக்க வேண்டும் என்பது என் கருத்து. கல்லீரலின் மிகப் பெரிய மாற்றங்களுள் பல அந்த ஒரு பிரிவுக்குள்தான் நடந்து முடிகின்றன.

ஆகவே, இனி ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு தாளிலும் அந்த மருந்தை முதன்மையாகக் கையாளும் நொதி எது, அது எந்த வயதில் முதிர்கிறது என்பதை அளவுப் பகுதியிலேயே குறிப்பிடுமாறு கேளுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்த பின் கழிந்த நாள்களோடு கருவிலிருந்த வாரங்களையும் கணக்கில் எடுத்து, மருந்தளவையும் வேளைகளின் இடைவெளியையும் தனித்தனியே தரச் செய்யுங்கள். ஒரு வயதுப் பிரிவில் ஆய்வே நடக்கவில்லையென்றால், எடைக்கணக்கு என்ற திரையால் அதை மூடாமல், ‘இந்த வயதினரிடம் ஆய்வு செய்யப்படவில்லை’ என்று அளவு இருக்க வேண்டிய அதே இடத்தில், அதே எழுத்தளவில் அச்சிட வையுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான மருந்தளவுகளைச் சரிபார்க்கும் ஒரு மருந்தாளுநர்