அமைச்சரவைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்: ‘ரா’வின் மூத்த வெளிநாட்டு அதிகாரிகளைத் தடம் பிரித்து வகைப்படுத்துங்கள்

மதிப்பிற்குரிய அமைச்சரவைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் பணி விதிகளோடும் ஊதியக் குழு அறிக்கைகளோடும் நெடுநாள் பழகிய சிலர் சென்னையிலிருந்து எழுதுகிறோம். இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ உங்கள் செயலகத்தின் கீழ் இருக்கிறது. மத்திய அரசின் உயர்நிலையான குரூப் ஏ பணிகளின் பதவி அமைப்பை ஆராயும் கேடர் மறுஆய்வுக் குழுவுக்கும் நீங்களே தலைவர். எட்டாவது ஊதியக் குழு வேலையைத் தொடங்கிவிட்ட இந்த வேளையில் கேட்காவிட்டால் பிறகு எப்போது கேட்பது?

கோரிக்கை ஒன்றுதான். வெளிநாட்டில் பணியாற்றும் மூத்த அதிகாரிகளைக் களம், நட்பு உளவுத்துறைகளுடனான தொடர்பு, ஆய்வு, தொழில்நுட்பம் என நான்கு தடங்களாக, அதாவது தனித்தனிப் பணிப்பாதைகளாக, வகைப்படுத்துங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஜாயின்ட் செக்ரட்டரிக்குரிய ஊதிய நிலையான லெவல் 14 வரையாவது உயர வழி வையுங்கள்.

இன்று இருப்பது செயலகத்தின் ஏணி: அண்டர் செக்ரட்டரி, டெபுடி செக்ரட்டரி, டைரக்டர், ஜாயின்ட் செக்ரட்டரி. கோப்பு பார்க்கும் அலுவலகத்துக்காகச் செய்த ஏணி அது. டைரக்டர் வரை ஓரளவு ஒத்துப்போகும். 1,44,200 ரூபாயில் தொடங்கும் லெவல் 14-இல்தான் முட்டும். அந்தப் படிக்கு ஒரு பிரிவை நிர்வகிப்பவர் வேண்டும். ஆட்களைச் சந்தித்து, நம்பிக்கை வளர்த்து, செய்தி பெறுவதில் தேர்ந்தவரை அதற்காக மேசைக்கு இழுக்கிறோம். ஒரு நல்ல கள அதிகாரி போகிறார், ஒரு சுமாரான நிர்வாகி வருகிறார்.

எல்லாவற்றிலும் எங்களை உறுத்துவது, பணியாற்றும் நாட்டால் வெளியேற்றப்பட்டவரின் நிலை. 1961 வியன்னா உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவின்படி எந்த நாடும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, ஒரு தூதரக அதிகாரியை ஏற்கத் தகாதவர் என அறிவிக்கலாம். 2016 நவம்பரில் பாகிஸ்தான் இந்தியத் தூதரக அலுவலர்கள் எட்டுப் பேரின் மீது உளவுக் குற்றம் சாட்டியது. பெயர்கள் ஊடகங்களில் வந்தன. 2023 செப்டம்பரில் கனடா ஓர் அதிகாரியை வெளியேற்றியபோது பெயரையும் பொறுப்பையும் சேர்த்தே சொன்னது. குற்றச்சாட்டு மெய்யோ பொய்யோ, பெயர் வெளிவந்தால் அவருடைய மறைப்பணி அந்த ஒரு நாட்டில் மட்டுமல்ல, எங்குமே முடிந்துவிடும். நாடுகள் தங்களுக்குள் தகவல் பகிர்வதால், அவரை வேறெங்கும் மறைவாக அனுப்ப முடியாது. அவர் சந்தித்தவர்கள் எல்லோரும் கண்காணிப்புக்குள் வருவார்கள்.

சாதாரண மாற்றலில் பழையவரும் புதியவரும் சில வாரம் சேர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு தொடர்பையும் நேரில் அறிமுகப்படுத்தித்தான் ஒப்படைக்க முடியும், ஏனென்றால் அந்த நம்பிக்கை ஆளோடு ஒட்டியது. வெளியேற்றப்பட்டவருக்குக் கிடைப்பது சில நாள். வீட்டைக் காலி செய்யவே அது போதாது. யாரை விட்டுவிட வேண்டும், யார் ஆபத்தில் இருக்கிறார், எந்தத் தகவலை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். அந்த நாட்டைப் பார்க்கும் ஆய்வு மேசையில் உடனே அவரை அமர்த்துவதுதான் முறை. தடம் என்று ஒன்று எழுத்தில் இல்லாத இடத்தில் அந்த மேசை தண்டனை போலத் தெரிகிறது. அதோடு ஏபிஏஆர் எனும் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையின் சிக்கலும் சேர்கிறது: ஒரு மேலதிகாரியின் கீழ் மூன்று மாதமாவது பணியாற்றியிருந்தால்தான் அந்த மேலதிகாரி அறிக்கை எழுதலாம். பாதியில் முறிந்த பணிக்காலம் பதிவேட்டில் ஓட்டையாகிவிடும். பின்னாளில் பதவி உயர்வுக் குழு பார்ப்பது அந்த ஓட்டையைத்தான். நாட்டின் கணக்கில் அடி வாங்கியவரை நம் கணக்கிலும் அடிப்பது என்ன நியாயம்?

தடங்கள் இருந்தால் இதற்கு இரண்டு வரி விதி போதும். வெளியேற்றப்பட்டவரின் பணிக்காலம் முழுமையானதாகக் கொள்ளப்படும்; அவர் பணிமூப்பு குறையாமல் ஆய்வுத் தடத்துக்கோ பயிற்சிப் பொறுப்புக்கோ மாறுவார்.

நட்பு உளவுத்துறையோடு பேச அனுப்பப்படும் அதிகாரி வேறு வகை. அவர் யார் என்பது அந்த நாட்டு அரசுக்கு முன்கூட்டியே தெரியும். ஒருமுறை அப்படி அறிவிக்கப்பட்டவரை அடுத்த முறை மறைவாக அனுப்புவது அவரையும், அவரைச் சந்திப்பவரையும் காட்டிக்கொடுப்பதாகும். திரும்பி வர முடியாத வழி அது. ஆகவே அனுப்புமுன் அவருடைய ஒப்புதலோடு தடத்தைக் குறிப்பது கட்டாயம்.

முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்பாக்கத்தில் ஒரு விஞ்ஞானி காலியிடத்துக்காகக் காத்திராமல், துறைத்தலைவர் ஆகாமலே, தகுதி அடிப்படையில் அடுத்த நிலைக்கு உயர்கிறார். அமெரிக்காவின் சிஐஏ 2000-ஆம் ஆண்டிலேயே நிர்வாகப் பொறுப்பு ஏற்காத மூத்த ஆய்வாளர்களுக்குத் தனிப் படிநிலை வகுத்தது. அணு விஞ்ஞானிக்குக் கொடுத்ததை உளவு அதிகாரிக்குக் கொடுக்க என்ன தடை?

ரகசியம் என்பீர்கள். எத்தனை பதவிகள், எந்த ஊரில் என்று யாரும் கேட்கவில்லை. அவை ரகசிய அட்டவணையில் இருக்கட்டும். கொள்கையை மட்டும் விதியில் எழுதுங்கள். ரகசியம் என்ற ஒற்றைச் சொல்லால் எத்தனை கதவுகளை அடைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உளவு அமைப்புகளின் ஊழியர் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்கள் சங்கம் அமைப்பதையும் பத்திரிகையிடம் பேசுவதையும் தடுக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ‘ரா’வுக்கு விலக்கு அளிக்கிறது. 2021 மே மாத ஓய்வூதிய விதித் திருத்தம் ஓய்வு பெற்றவரும் தம் துறை பற்றி முன் அனுமதியின்றி எழுதக்கூடாது என்கிறது. கட்டுப்பாடுகளின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் வாயைச் சட்டம் போட்டுக் கட்டிய அரசு, அவர் கேட்காமலே அவருடைய குறையைத் தீர்க்கக் கடமைப்பட்டது. அந்தக் கடமை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது. கேடர் மறுஆய்வு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது உங்கள் அரசே வகுத்த வழிகாட்டுதல்தானே?

கடுமையாக ஏதும் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான்கு தடங்களையும், ஒவ்வொன்றிலும் லெவல் 14 வரையான வழியையும், வெளியேற்றப்பட்டவருக்கான பாதுகாப்பையும் அடுத்த மறுஆய்வின் பொருள் நிரலில் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம். ஊதியக் குழு தன் அறிக்கையைத் தருவதற்கு முன் அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சென்னைவாசிகள் சிலர்