இரண்டு முறை வேலை செய்தும் தீராத பிரேக் அதிர்வு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் பணிமனையில் பழுது பார்க்கப்பட்ட இலகுரக லாரியின் உரிமையாளர், ஓட்டுநர்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முன்சக்கர பிரேக் டிஸ்க்குகளை அளவெடுக்காமல் கடைந்தது, மாற்றியது தொடர்பாகப் புகார் அளித்தலும் நிவாரணம் கோருதலும்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாங்கிய நாளிலிருந்து என் லாரியைத் தங்கள் பணிமனையில்தான் விட்டு வருகிறேன். ஒரே பழுதுக்காக மூன்று முறை வர நேர்ந்ததாலும், மூன்றாவது முறை “ஓட்டுகிற விதம்தான் காரணம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதாலும் இதை எழுதுகிறேன். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இரண்டு கைகளிலும் இடவலமாக உதறும். பெடல் பாதத்தை மேல்நோக்கித் தள்ளித் தள்ளி விடும். வேகம் குறையக் குறைய உதறலும் மெதுவாகி, வண்டி நிற்கும்போது அடங்கிவிடும். முதல் முறை இதைச் சொன்னபோது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுகளான முன்பக்க டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றி லேத்தில் கடைந்து தந்தீர்கள். சுமார் 4,000 கி.மீ. ஓடியதும் உதறல் திரும்பியது. இரண்டாவது முறை டிஸ்க்குகளையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேட்களையும் புதிதாகப் போட்டீர்கள். 5,500 கி.மீ. தாண்டியதும் மறுபடி அதே உதறல்.

மூன்றாவது முறை, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலேயே, டிஸ்க் மீண்டும் பெண்டாகிவிட்டது (வளைந்துவிட்டது), லோடு ஏற்றி மலைப்பாதையில் இறங்கினால் அப்படித்தான் ஆகும் என்று முன்மேசையில் சொல்லிவிட்டார்கள். இதில் ஒரு பகுதி உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடாமல், பிரேக்கை விடாது மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் அளவு மீறிச் சூடேறும். அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே இருந்தால், பேட்டின் பொருள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். முன்பு நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். டிஸ்க்குகளைக் கடைந்து தந்த அன்றே அதை விட்டுவிட்டேன். ஆனால் என் பழக்கம் மாறிய பிறகும் பழுது மாறவில்லை. அப்படியானால் காரணம் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்றுதான் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் சக்கரத்தைத் தவிர வேறெதையும் கழற்றுவதற்கு முன், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, இடதுபக்க டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினார். முள் 0.14 மி.மீ. வரை ஆடியது. என் வண்டியின் கையேட்டில் அனுமதித்த அளவு 0.10 மி.மீ. பிறகு டிஸ்க்கைக் கழற்றினார். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில், ஒரு வீல் போல்ட்டை ஒட்டி, பிறை வடிவில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது செதில் செதிலாக உதிர்ந்தது. ஹப் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, அதே டிஸ்க்கை அதே இடத்தில் மாட்டி அளந்தபோது முள் 0.04 மி.மீ.க்கு மேல் போகவில்லை. தாங்கள் போட்ட டிஸ்க்கில் குறை இல்லை, அதை உட்கார வைத்த இடத்தில்தான் குறை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஹப் முகத்தில் படிந்த துரு மிக மெல்லியதாக இருந்தாலும், டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது அதனால் வரும் கோணல் பெருகிவிடும் என்பது தங்கள் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

புது டிஸ்க் போட்ட அன்று உதறல் ஏன் இல்லை, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஏன் வந்தது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. டிஸ்க் கோணலாகச் சுற்றுவதை பேட்களைத் தாங்கி, பக்கவாட்டில் நகரக்கூடியபடி மிதந்து நிற்கும் காலிப்பர் ஈடுகட்டிக்கொள்வதால் ஆரம்பத்தில் காலுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும் நேரமெல்லாம் டிஸ்க்கின் மேடான பகுதி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசிச் செல்கிறது. அங்கே இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதாலோ, பேட் பொருள் சீரற்று ஒட்டுவதாலோ டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசம், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, பெடலை உதறச் செய்யப் போதும். “பெண்ட்” என்று, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதியதைத்தான் நான் முக்கியமாக ஆட்சேபிக்கிறேன். வார்ப்பிரும்பு டிஸ்க் ஈரப்பலகையைப் போல முறுக்கிக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை எழுதியவுடன் பழி டிஸ்க்கின் மீதும் ஓட்டுநரின் மீதும் விழுந்துவிடுகிறது. ஹப்பை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த குறை அதே இடது சக்கரத்தின் காலிப்பரில் இருந்தது. காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களில் மேலே உள்ளது விரலால் தள்ளியதும் நகர்ந்தது; கீழே உள்ளது கிரீஸ் காய்ந்து, அதை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, துருவேறி இறுகியிருந்தது. அதன் விளைவு பேட்களிலேயே தெரிந்தது: உள்பக்கப் பேட் பாதிக்கும் மேல் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. ஸ்லைடு பின் இறுகினால் பேட் முழுவதுமாக விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் ஓயாமல் சூடேறும். புதுப் பேட் போட்ட கை அந்தப் பின்னை ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

தாங்கள் கழற்றிய பழைய டிஸ்க்குகளை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் கண்டதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். குறைந்தபட்சத் தடிமன் 26 மி.மீ. என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.6 மி.மீ.தான் வருகிறது. 4,000 கி.மீ. ஓட்டத்தில் அவ்வளவு இரும்பு தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால், எல்லைக்குக் கீழே போகும்வரை கடைந்து, அந்த டிஸ்க்குகளோடுதான் லோடு வண்டியைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்கும் திறனை இழக்கிறது. விரிசல் விடவும் கூடும். மேலும் அவற்றில் காசு அளவில் நீலம் பாய்ந்த கருந்திட்டுகள் இன்னமும் தெரிகின்றன. அளவு மீறிய சூட்டில் இரும்பு இறுகிக் கெட்டிப்பட்ட அந்த இடங்கள், மேலோட்டமாகக் கடைந்தால் போவதில்லை. சுற்றியுள்ள பகுதி தேயும்போது அவை மட்டும் மேடாக நின்று உதறலைத் திரும்பக் கொண்டுவரும். அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கடையவே கூடாது, மாற்றியிருக்க வேண்டும்.

வீல் நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு முறையும் தங்கள் பணியாளர் ஏர் கன்னால் வரிசையாக ஒரே மூச்சில் முறுக்கியதை அருகில் நின்று பார்த்தேன். நட்டுகள் ஒன்றுக்கொன்று வேறு இறுக்கத்தில் இருந்தால் டிஸ்க் ஹப்பின் மீது கோணலாக அழுந்தும். எதிரெதிர் நட்டாக, படிப்படியாக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குவதும், 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்ப்பதும் லாரி வேலையில் அடிப்படை.

அந்த மெக்கானிக் ஸ்லைடு பின்னையும் அதன் ரப்பர் உறையையும் மாற்றி, டிஸ்க்கை வண்டியின் ஹப்பிலேயே வைத்து லேசாகக் கடைந்து, தடிமன் எல்லைக்கு மேலே இருப்பதை அளந்து காட்டி, புதுப் பேட் போட்டுத் தந்தார். பேட் டிஸ்க்கில் சீராகப் படிவதற்காக, 50 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதும் நிறுத்தாமல் மிதமாகப் பிரேக் பிடித்துப் பலமுறை வேகம் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சற்றுத் தூரம் ஓட்டி ஆறவிடச் சொன்னார். அப்படியே செய்தேன். இன்றுவரை 9,000 கி.மீ. ஓடிவிட்டது, அதே பாதை, அதே சுமை, ஓட்டுவதும் நானே. உதறல் இல்லை.

ஆகவே, இரண்டு முறையும் நான் செலுத்திய கூலியையும், இரண்டாவது முறை போட்டு வீணாய்ப் போன பேட் செட்டின் விலையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜாப் கார்டில் உள்ள “ஓட்டுநர் தவறு” என்ற குறிப்பை நீக்கி, அதை எழுத்தில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லைக்குக் கீழே கடைந்த டிஸ்க்குகளை மீண்டும் மாட்டியது எப்படி நேர்ந்தது என்பதற்கும் விளக்கம் வேண்டும். பணத்தைவிட அந்த விளக்கத்தையே நான் பெரிதாக எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் அதே லேத்தில் கடைந்த டிஸ்க்குகளோடு வேறு லாரிகளும் இப்போது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். இனி பிரேக் வேலைக்கு வரும் எந்த வண்டிக்கும் டிஸ்க்கின் ஆட்டத்தையும் தடிமனையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து ஜாப் கார்டில் எழுதும்படி தங்கள் பணியாளர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

பழைய டிஸ்க்குகள் இரண்டு, இறுகிய ஸ்லைடு பின், தேய்ந்த பேட்கள், அளவுகள் எழுதிய தாள் ஆகிய அனைத்தும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் எந்த வேலை நாளில் வரச் சொன்னாலும் அவற்றோடு நேரில் வரத் தயாராக இருக்கிறேன். அவர் தம் மைக்ரோமீட்டராலேயே அளந்து பார்க்கட்டும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ஜாப் கார்டுகளின் நகல், கட்டண ரசீதுகளின் நகல், டிஸ்க் அளவுகள் எழுதிய தாளின் நகல்