தோட்ட மரண உதவி நலன்புரிச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சாவு வீட்டுக்கு ஓடி உதவுவதற்காகத் தொடங்கிய சங்கம் இது. அந்த வேலை இந்த வருடமும் குறைவில்லாமல் நடந்தது. துக்கம் நடந்த வீடுகளுக்கெல்லாம் அன்றைக்கே பந்தலுக்கான படங்கும் கதிரைகளும் போய்ச் சேர்ந்தன. உதவிப் பணமும் தாமதமில்லாமல் கொடுத்தோம். பிரிந்துபோன அங்கத்தவர்களின் பெயர்களைத் தலைவர் வாசித்துவிட்டார். சந்தா நிலுவை, வங்கி இருப்பு எல்லாம் பொருளாளரின் கணக்கறிக்கையில் வரும். நான் வேறொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மலையக மக்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூரும் மலையகம் 200க்காக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் நடந்தார்கள். திரும்பி வந்தவர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "நம்ம தாத்தா பாட்டிமார் பட்ட கஷ்டத்தை எல்லாரும் பேசுறாங்க, பேசத்தான் வேணும். நல்லது நடந்தா அதை எங்க எழுதி வச்சிருக்கோம்?" கூட்டறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினோம். மரணம், கடன், சண்டை, சமாதானம். அவ்வளவுதான் இருந்தது. அதனால் பெப்ரவரிக் கூட்டத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். கூட்டம் தொடங்குமுன் யாராவது ஒருவர், தன் கண்ணால் கண்ட ஒரு அதிசயத்தைச் சொல்ல வேண்டும். செயலாளர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். சாமி வந்த கதையும் கனவில் கண்ட கதையும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "நீங்க கிள்ளுற கொழுந்து ராத்திரியில என்ன ஆகுதுன்னு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். மலையில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மாமார்கூட இல்லை என்றார்கள். கொழுந்து நிறுத்தாகிவிட்டது, லொறி போய்விட்டது, அதோடு சரி.

ஸ்டோரைப் பார்க்க அனுமதி கேட்டு, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு நான் கடிதம் எழுதினேன். ஒரு பௌர்ணமிப் போயா லீவு அன்று விடியற்காலையில் உள்ளே விட்டார்கள். மேல் மாடியில் நீளமான தொட்டிகளில் முதல் நாள் கொழுந்து விரித்துக் கிடந்தது. கீழிருந்து விசிறிக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இராத்திரி முழுக்க அப்படியே வாடி, எடையில் ஏறக்குறைய பாதி போய்விடுமாம். கீழே ரோலரில் நசுங்கி வந்த இலையைப் பரப்பி வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறியது. பச்சிலை வாடை போய்ப் பழ வாசம் வந்தது. ஒரு அம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தபடி, "இது நம்ம மலைக் கொழுந்தா ஐயா?" என்றார். டீ மேக்கர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஆமாம் என்றதும் அவர் அழுதுவிட்டார். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. முற்றல் இலை ரோலரில் ஒழுங்காகச் சுருளாது என்பதையும் அன்றுதான் நேரில் பார்த்தார்கள். இப்போது மலையில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களே.

அடுத்தது கதிரைப் பிரச்சினை. சாதாரண தரம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை, கோவிலுக்குப் பக்கத்து அறையில் அடுக்கிக் கிடக்கும் சங்கத்துக் கதிரைகளைப் படிக்கத் தரமுடியுமா என்று கேட்டாள். ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பும் டீவியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது? ஆனால் பெரியவர்கள் பலருக்கு மனம் வரவில்லை. சாவு வீட்டுக்குப் போன கதிரையில் பிள்ளைகளை உட்கார வைப்பதா என்றார்கள். பேச்சு நீண்டு, கோபம்கூட வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டிதான் முடித்து வைத்தார். "பொணம் பெட்டியிலதானே இருக்கு. கதிரையில உக்கார்றது உசிரோட இருக்குற ஆளுகதானே?"

மறுநாளே கதிரைகளை மஞ்சள் தண்ணீரில் கழுவினோம். இன்று கோவில் மடத்தில் அந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தம்பி ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். சாவு விழுந்தால் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போவதும் திருப்பிக் கொண்டுவந்து கழுவி அடுக்குவதும் அந்தப் பிள்ளைகளே. அன்றைக்குப் பாய் விரித்துப் படிப்பு நடக்கும். வரும் மார்ச்சில் அவர்கள் பரீட்சை எழுதப் போகிறார்கள்.

இந்த வருடம் எழுதியவற்றில் என் மனதில் நிற்பது குளவி விஷயம். குளவிக்கொட்டு நம் மலைகளில் உயிரைக் குடிக்கிற ஆபத்து. பலத்த காற்று போதும், ஒரு பருந்து தொட்டால் போதும், கூடு கலைந்துவிடும். இளைஞர்கள் மலை மலையாகப் போய், கூடு உள்ள மரங்களுக்குத் தூரத்திலேயே சிவப்புத் துணி கட்டினார்கள். கங்காணிமாரும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதைச் சொல்லி, அந்தப் பக்கம் ஆள் போடாமல் பார்த்துக்கொண்டார்கள். துணி கட்டிய பிறகு நம் மலைகளில் யாரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஓடாத ஓட்டத்தை எந்தப் பத்திரிகையும் போடாது. நம் புத்தகத்தில் இருக்கிறது.

அப்புறம், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் இன்னொரு பெயர் என்று சேமலாப நிதிப் பணம் இழுபடுகிற துன்பம். ஓய்வு பெறும்வரை காத்திராமல் இப்போதே அங்கத்தவர்களின் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பிழை உள்ளவர்கள் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் மறந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கடையில் சாமான் வாங்குகிற அம்மாமாருக்கு அது எதுவரை போகும் என்று தெரியும். அந்தக் கோரிக்கைகளில் நம் சங்கம் தொழிற்சங்கங்களோடு நிற்கும். அதோடு, நம் கையால் முடிந்ததை யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செய்வோம்.

புதிய நிர்வாக சபைக்கு இரண்டு வேண்டுகோள்கள். மடத்துக்கு இன்னும் இரண்டு மின்விளக்குகள் வேண்டும், அந்தக் கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும். கண்ட அதிசயத்தைச் சொல்லும் அந்த முதல் பத்து நிமிடத்தை, யார் செயலாளராக வந்தாலும் விட்டுவிடக் கூடாது.

துணை நின்ற எல்லோருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்